அண்ணன் முறை

"மத்த நேரமெல்லாம் நல்லா ஓடுது கண்ணு. அந்த அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்தா மட்டும் நின்னு போகுது."

கருணாம்பிகையம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு இப்படித்தான் ஆரம்பித்தார். பழுது பார்க்கும் வேலையில் நான் கேட்காத புகார் இல்லை. மழையில் நனைந்துவிட்டது, நாய் கடித்துவிட்டது, சாம்பார் அண்டாவில் விழுந்துவிட்டது என்று எல்லாம் வந்திருக்கிறது. ஆள் பார்த்து நின்று போகிற மிஷினை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"எந்த அண்ணன்மா?"

"என்ற அண்ணந்தான். நம்ம ஒறம்பரை, சொந்தக்காரர். தெனமும் காலைல பேக்கரியில பாத்துக்குவோம். வர்ற வியாழக்கெழமை என்ற மக சிந்துஜாவுக்குக் கல்யாணம் கண்ணு. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்ல. அந்த அண்ணந்தான் தாய்மாமனா நிக்கறேன்னு சொல்லியிருக்கார். மண்டபத்து வாசல்ல அவரு என்ற பக்கத்துல நின்னு எல்லாத்தையும் வாங்கன்னு கூப்படோணும். அவரு நின்னா இது நின்னு போகும். இது நின்னு போனா வர்றது மாமனா மச்சானான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தரை முறை மாத்திக் கூப்பிட்டாலும் போச்சு, ஏழு வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது." மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தார். "எனக்கு ரெண்டும் வேணும். அவரும் நிக்கோணும், இதும் ஓடோணும்."

ஐப்பசிக் காய்ச்சல் என்று ஒன்று வந்து போனதே, அது ஆளைக் கொல்லவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு எந்த முகமும் மனதில் நிற்காமல் போயிற்று. கண் நன்றாகத் தெரியும். மூக்கு தெரியும், மீசை தெரியும், ஆள் யார் என்பது மட்டும் தெரியாது. நன்றாகப் பழகிய குரல் என்றால் பிடித்துவிடுவார்கள். மேளமும் கூட்டமுமாக இருக்கிற இடத்தில் அதுவும் நடக்காது.

அவர்களுக்காகத்தான் எங்கள் கம்பெனி காதுத்துணையைச் செய்தது. பார்க்கச் சாதாரண மூக்குக் கண்ணாடி. காம்பில் கடுகளவு கேமரா, காதோரம் ஒரு ஸ்பீக்கர், உள்ளே ஒரு குட்டி டேட்டாபேஸ். சொந்தபந்தங்களின் முகம், பேர், முறை எல்லாவற்றையும் அதில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். எதிரே ஆள் வந்ததும் மிஷின் தனக்குள்ளேயே தேடிப் பார்த்து, 'சரோஜா, பெரியம்மா மக' என்று காதில் மெதுவாகச் சொல்லும். இன்டர்நெட் வேண்டாம், எங்கோ உட்கார்ந்திருக்கிற சர்வரும் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் சிக்னலை நம்பினால் நாம் நாசமாய்ப் போக வேண்டியதுதான். போட்டிருப்பது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த கண்ணாடி அது. செய்கிற எங்களுக்கே சட்டென்று அடையாளம் தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அமலி, தூத்துக்குடிக்காரி. எங்கள் ஊரில் வாசலில் நிற்கிற ஆளை 'யாருவே' என்று கேட்ட பிறகுதான் கதவையே திறப்போம். கோவையில் அப்படியில்லை. இங்கே யாரும் யாரையும் யார் என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. முதலில் வாங்க, அப்புறம் உட்காருங்க, அப்புறம் சாப்பிட்டீங்களா. சாப்பிட்டுவிட்டு அவர் எழுந்து போன பிறகு, 'ஆமா, அவரு யாரு' என்று வீட்டுக்குள் விசாரித்துக்கொள்வார்கள். இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. எரிச்சலாகத்தான் வருகிறது.

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பேக்கரிக்குப் போனேன். அந்த அண்ணனிடம் ஏதாவது கருவி இருந்து, அது இடைஞ்சல் செய்கிறதோ என்று நினைத்திருந்தேன். கருணாம்பிகையம்மாளின் கண்ணாடியை லேப்டாப்போடு இணைத்துக்கொண்டு அடுத்த மேசையில் உட்கார்ந்தேன். அவர் காதில் விழுவது எனக்கும் இயர்போனில் கேட்கும், உள்ளே நடப்பது திரையில் ஓடும்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்தார். அறுபது தாண்டியவர், வெள்ளைச் சட்டை, நேர் வகிடு, மூக்குக் கண்ணாடி, முகத்தில் ஒரு கூச்சம். வந்ததும் வாசலில் ஒரு விநாடி தயங்கி நின்றார்.

'அண்ணன் முறைங்க' என்றது காதுத்துணை.

"வாங்கண்ணா" என்றார் கருணாம்பிகையம்மாள்.

"வந்தேனுங் அம்முணி. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க. உங்க பக்கமெல்லாம் எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க, இருக்காங்க. நம்ம பெரியவங்க எல்லாம் நல்லாருக்காங்களா?"

"அவங்களுக்கென்னுங்க, நல்லாருக்காங்க."

எந்தப் பக்கம், எந்தப் பெரியவங்க என்று இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. ஊர்ப் பேரோ ஆள் பேரோ தப்பித்தவறிக்கூட வாயில் வரவில்லை. இரண்டு டீயும் தேங்காய் பன்னும் வந்தன. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

'முகம் பதிவில் இல்லை.'

திரையில் அந்த வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டீயை ஊதும்போது ஒன்று, பன்னைப் பிய்க்கும்போது ஒன்று, கருணாம்பிகையம்மாள் தலை நிமிர்ந்து அவரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஒன்று. அந்த மனிதரை மிஷினுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் காதில் மட்டும் கூசாமல் 'அண்ணன் முறைங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தது. மற்ற அந்நியர்கள் ஒன்றிரண்டு வரியோடு கடந்து போய்விடுவார்கள், இவர் எதிரிலேயே இருந்தார். வரிகள் சேரச் சேர உள்ளே இடம் குறைந்துகொண்டே வந்தது. டீ பாதி தீர்வதற்குள் மிஷின் அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தியா கண்ணு" என்று எனக்குக் கை காட்டினார் கருணாம்பிகையம்மாள். காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். மிஷின் நின்ற பிறகுதான் இரண்டு பேரும் உண்மையிலேயே பேச ஆரம்பித்தார்கள். காய்ச்சலுக்குப் பிறகு ருசி மாறிப்போனது, பகல் தூக்கம், மகள் போய்விட்டால் வீடு என்ன ஆகும் என்ற பயம், எல்லாம் வந்தது. அவரும் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேசைமேல் கை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெசனப்படாதீங் அம்முணி. வியாழக்கெழமை நேரத்துலயே வந்தர்றேன். மருமகளுக்கு மாலை நானே கட்டச் சொல்லியிருக்கறேன். நல்ல சம்பங்கியாக் கேட்டிருக்கேன்" என்றார் அவர்.

கருணாம்பிகையம்மாள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்ததும் நான் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆபீசுக்கு வந்ததும் நேரே திருமூர்த்தி அண்ணாவிடம் போனேன். அவர்தான் ஓனர். மிஷினில் அந்தத் தேடுகிற பகுதி மட்டும் அவர் தன் கையால் எழுதியது, வேறு யாரையும் தொட விட்டதில்லை.

"அண்ணா, முகம் கிடைக்கலன்னா மிஷின் என்ன சொல்லும்?"

"வயசப் பாத்து ஒரு முறையச் சொல்லும் அமலி. பெரியவர்னா அண்ணன் முறை. சின்ன வயசுன்னா தங்கச்சி முறை, இல்லாட்டி மக முறை."

"தெரியலன்னு சொல்லாதா?"

"அதெப்படிங்க, ஒருத்தர் எதுக்க வந்து நிக்கறப்ப தெரியலன்னு..." அவர் முகமே சுருங்கிவிட்டது. "பேர் வராட்டியும் வாங்கன்னு சொல்லலாமில்ல? அப்பறம் பேசிக்கிட்டா தானா ஞாபகம் வந்துரும்னு வெச்சேன்."

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். "என்னண்ணா சொல்லுதீங்க? டேட்டாபேஸ் இந்த முகம் இல்லன்னு உங்க கையில எழுதிக் குடுக்கு. அதப் படிக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. வாங்கி உள்ள சொருகி வச்சிட்டு, அதுக்கு மேல பூவப் போட்டு மூடுதீங்க. அந்தம்மா ரோட்டுல போற ஒருத்தர அண்ணன்னு நெனச்சு மகளுக்குத் தாய்மாமனா கூப்பிட்டிருக்கு. பாக்க நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்காரு, யாருன்னு தெரியலியே."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு, "மொதல் மிஷினை என்ற மாமனாருக்குத்தான் போட்டு உட்டேன்" என்றார். "அப்ப மொகமெல்லாம் சரியாப் பதியல, அது தெரியல, தெரியலன்னுதான் சொல்லும். அவரு ஊட்டு விசேஷத்துலயே, வந்த எல்லாத்தையும் பாத்துத் தெரியல, தெரியலன்னு காதுக்குள்ள சொல்லிட்டே இருந்துச்சு. மத்தியானம் பாத்தா மனுஷன் கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு உள்ரூம்ல சொவத்தப் பாத்து உக்காந்திருக்கார். சாப்பிடவும் வரல. அன்னிக்குத்தான் மாத்துனேன். அதுல என்னங்க தப்பு?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொந்தரவு.

"நீங்க ஒண்ணு பண்ணுங்க" என்றார். "அந்தச் செய்திய வாங்குனதும் உடனே விடுவிக்கற மாதிரி ஒரு வரி சேத்துருங்க. எடம் நெறையாது, மிஷின் நிக்காது. அந்தம்மாவுக்கு ரெண்டும் வேணும்னாங்கல்ல, ரெண்டும் கெடச்சுரும். கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

ஒரே ஒரு வரி. அவர் சொன்னது சரிதான், மிஷின் சரியாகிவிடும். தப்பு நடந்ததற்கு அடையாளமே இல்லாமல் போய்விடும்.

"அவரு ஏமாத்துக்காரரா இருந்தா?"

"நல்ல மனுஷன் மாதிரி இருக்கார்னு நீங்கதான சொன்னீங்க."

"மாதிரி இருக்காரு. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். முடிவு பண்ண வேண்டியது நீங்களும் இல்ல, நானும் இல்ல. அந்தம்மா."

"அப்ப நீங்களே போய்ச் சொல்லிக்குங்க அமலி. என்னால அந்த முகத்தப் பாக்க முடியாது" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கருணாம்பிகையம்மாள் வீட்டுக்குப் போனேன். கட்டில் முழுக்கப் பட்டுப்புடவைகள் விரித்துக் கிடந்தன. சிந்துஜா போனில் யாரிடமோ பந்தி பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாள் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கையிலிருந்த கிளாஸையே பார்த்தேன்.

"அம்மா, பேக்கரியில டீ குடிச்சதும் கிளாஸை என்ன பண்ணுவீங்க?"

"வெச்சுட்டு வருவேன். எடுத்துட்டுப் போயி கழுவுவாங்க."

"எல்லாரும் குடிச்சிட்டுக் கிளாஸை மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சா?"

"கொஞ்ச நேரத்துல ஊத்தறதுக்குக் கிளாஸ் இருக்காது. கடை நின்னு போகும்."

"அதான்மா உங்க மிஷின்ல நடக்கு. முகம் கிடைக்கலன்னா, உள்ள இருக்க டேட்டாபேஸ் ஒரு சேதி எழுதிக் குடுக்கும். குடிச்சிட்டுக் கிளாஸைத் திருப்பித் தர்ற மாதிரி, அந்தச் சேதியப் படிச்சு, ஆகவேண்டியதப் பாத்துட்டு, இடத்தத் திருப்பிக் குடுக்கணும். நம்ம மிஷின் படிக்கவும் இல்ல, திருப்பிக் குடுக்கவும் இல்ல."

"சேதின்னா? என்ன சேதி?"

"இவரை எனக்குத் தெரியாதுன்னு."

அம்மாளின் கை புடவை மேல் அப்படியே நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது. நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணன் முறைன்னு சொல்லுச்சே?"

"அது நாங்க வச்ச மரியாதைம்மா. தெரியாத எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை சொல்லும்."

"எனக்கு வந்த சேதிய நடுவுல புடிச்சு வெச்சுக்க நீங்க யாரு கண்ணு?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு கண் கலங்கிவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே பேசினார். "திருப்பூருக்குக் குடி போன பெரியப்பா மகன்னு நெனச்சேன். சின்ன வயசுல ஒருக்கா பாத்தது. அவரு மாதிரியே பேசறார்னு மனசுக்குள்ள நானே சொல்லிக்கிட்டேன். காய்ச்சல் வந்து எந்திரிச்சப்பறம் சொந்தம்னு ஒருத்தர் எட்டிப் பாக்கல கண்ணு. வந்தா நீங்க யாருன்னு கேட்டுருவனாம், அசிங்கமாப் போயிருமாம். இவரு ஒருத்தர்தான் தெனமும் வந்தார். அவரும் எனக்கு ஆருமில்லையா?"

இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். "ரெண்டு வழி இருக்கும்மா. சேதியச் சத்தமில்லாம தூக்கிப் போடச் சொல்லலாம். மிஷின் நிக்காது, அண்ணன் முறைன்னே சொல்லிட்டிருக்கும். இல்ல, தெரியலன்னா தெரியலன்னு உங்க காதுல சொல்லச் சொல்லலாம். அப்ப நீங்கதான் கேக்கணும், நீங்க யாருன்னு."

"அவரு மூஞ்சியப் பாத்து நான் எப்படிக் கேப்பேன்?"

"கேக்காமலும் இருக்கலாம்மா. அதுக்குத்தான் முதல் வழி."

அவர் ஒரு புடவையை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். "தெரிஞ்சப்பறம் தெரியாத மாதிரி நான் எப்படி அண்ணான்னு கூப்படறது? ரெண்டாவதே போட்டுக் குடு. நாளைக்குக் காலைல நீயும் பக்கத்துல இரு" என்றார்.

மிஷினை அன்றே மாற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் பேக்கரியில் அவர் உள்ளே நுழைந்ததும் என் காதிலும் விழுந்தது. 'தெரியலீங்க. பேரைக் கேளுங்க.' திரையில் செய்தி வந்தது, படிக்கப்பட்டது, இடம் விடுபட்டது. மிஷின் அருமையாக ஓடியது. கருணாம்பிகையம்மாள்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க" என்றார். அண்ணா வரவில்லை.

அவர் உட்காராமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னுங் அம்முணி, மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கப்படாது."

"கேளுங்க."

"நீங்க..." என்று நிறுத்தி, டீ கிளாஸைத் தள்ளி வைத்து, மறுபடி கிட்டே இழுத்து வைத்தார். அப்புறம் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். "நீங்க யாருங்க?"

அந்த மனிதர் மெல்ல உட்கார்ந்தார். நான் எதற்கும் தயாராக இருந்தேன். கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். மழுப்பினால் பிடித்துக் கேட்டுவிடுவது என்றுகூட இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, காம்பைத் திருப்பி, உட்புறத்தை எங்கள் பக்கம் நீட்டினார். நகக்கண் அளவுக்கு எங்கள் கம்பெனி முத்திரை இருந்தது.

"இதை நானில்லீங்களா மொதல்ல கேட்டிருக்கோணும்" என்றார். "எனக்கும் காய்ச்சல் வந்ததுதானுங்க. உங்களப் பாத்தா இது தங்கச்சி முறைன்னு சொல்லும். கொஞ்ச நேரத்துல நின்னு போகும். உங்க பக்கத்துல உக்காந்தா மட்டுந்தான் நிக்கும். சரி பண்ணக் குடுத்தா நாலு நாள் ஆகுமோ, அந்த நாலு நாள் உங்க மொகம் தெரியாமப் போயிருமோன்னு குடுக்காமயே உட்டுட்டேன்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. திருமூர்த்தி அண்ணாவின் மரியாதை இரண்டு பக்கமும் உட்கார்ந்து, இவரை அவருக்கும் அவரை இவருக்கும் சொந்தமாக்கி, இரண்டு மிஷினையும் நிறுத்திவிட்டு, டீ குடிக்க வைத்திருக்கிறது.

"நான் உங்களுக்கு ஆருன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார் கருணாம்பிகையம்மாள்.

"என்ற அண்ணன் பையன் காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டானுங்க. அந்தப் பொண்ணு வகையில சம்பந்தி ஊட்டுக்காரங்களோன்னு நெனச்சேன். நாங்க ஊட்ல தெலுங்கு பேசறவங்க. நீங்க தமிழ் பேசறீங்களே, வேற எப்படிச் சொந்தமாக முடியும்னு நானே கணக்குப் போட்டுக்கிட்டேன். என்ற பேரு கோவர்த்தனனுங்க. மோட்டார் கம்பெனில இருந்து ரிட்டயர் ஆனவன்."

"தாய்மாமனா நிக்கறேன்னு சொன்னீங்களே?"

"நீங்க கேட்டீங்க. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. அதுவுமில்லாம..." கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "எனக்குத் தங்கச்சி கெடையாதுங்க. கேட்டப்பறம் நின்னே தீரோணும்னு ஆசையாயிருச்சு. தப்புத்தான். நான் ஒதுங்கிக்கறேன். மாலைய மட்டும் மண்டபத்துக்குக் குடுத்து உட்டர்றேன், பாப்பாவுக்குன்னு சொன்னது."

எழுந்தார். கருணாம்பிகையம்மாள் எழவில்லை, நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காருங்க."

"இல்லீங்க..."

"உக்காருங்கண்ணா. டீ ஆறுது."

அவர் உட்கார்ந்தார். அம்மாள் தன் கண்ணாடிக் காம்பில் இருக்கும் பொத்தானை அழுத்தினார். முகத்தைப் பதிகிற பொத்தான் அது. நான் கற்றுக்கொடுத்தபடியே வெளிப்படையாக, பக்கத்து மேசைக்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "பேரு கோவர்த்தனன். முறை, அண்ணன்."

'சரிங்க' என்றது மிஷின். அடுத்த தடவை அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தபோது, 'கோவர்த்தனன், அண்ணன்' என்றது. என் திரையில் எந்தத் தப்பும் வரவில்லை.

கல்யாணத்தன்று நானும் திருமூர்த்தி அண்ணாவும் சேர்ந்தே போனோம். வரமாட்டேன் என்று அடம்பிடித்தவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மண்டப வாசலில் பட்டுப்புடவையும் கண்ணாடியுமாகக் கருணாம்பிகையம்மாள் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் புதுவேட்டி சரசரக்கக் கோவர்த்தனன். அவருடைய மிஷினையும் முந்தின நாள் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

நாங்கள் வரிசையில் நின்றபடி பார்த்தோம். பெரும்பாலானவர்களை அம்மாள் பேர் சொல்லி, முறை சொல்லி அழைத்தார். நடுவில் சிலரிடம் மட்டும் ஒரு கணம் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "காய்ச்சல்ல மறந்துபோச்சு சாமி, கோவிச்சுக்காதீங்க. நீங்க யாருங்க?" ஒரு சம்பந்தி வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் குனிந்து, காதோரம் வந்து, பேரையும் ஊரையும் சொன்னார்கள். ஒரு பெண் தன் கல்யாணத்துக்கு அம்மாள் வந்து மாவிளக்கு எடுத்ததிலிருந்து ஆரம்பித்தாள். வரிசை அப்படியே நின்றுவிட்டது, யாரும் முணுமுணுக்கவில்லை.

அம்மாளின் கொழுந்தனார் கோவர்த்தனனை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு எந்த வகையில அண்ணன் உங்களுக்கு?"

"தெனமும் வந்து பாக்கற வகையில" என்றார் அம்மாள். கொழுந்தனார் காய்ச்சலுக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை போலிருக்கிறது. பேசாமல் பந்தல் பக்கம் போய்விட்டார்.

திருமூர்த்தி அண்ணா என் காதருகே, "ஒருத்தரும் சொவத்தப் பாத்து உக்காரல" என்று மெதுவாகச் சொன்னார்.

"சொன்னேன்ல" என்றேன். கொஞ்சம் திமிராகவே சொன்னேன்.

எங்கள் முறை வந்தது. அன்றைக்கு நான் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஆளே மாறிப்போயிருந்தேன். மேளம் வேறு காதைப் பிளந்துகொண்டிருந்தது. கருணாம்பிகையம்மாள் என் இரண்டு கையையும் பிடித்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். மிஷின் அவர் காதில் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதியதே நான்தான். இத்தனை நாளும் அவர் என்னைக் கண்ணு, கண்ணு என்றது எதனால் என்பதும் அந்தக் கணத்தில் விளங்கியது. சின்ன வயசுக்கு, மக முறை.

"கோவிச்சுக்காதீங்க. காய்ச்சல்ல மறந்துபோச்சு" என்றார். "நீங்க யாருங்க?"

கண்ணு இல்லை, நீங்க. எனக்குச் சுருக்கென்றது. பெற்றவர்கள் போன பிறகு என்னை அப்படி வாய் நிறையக் கூப்பிட்டவர் இந்த ஊரில் இவர் ஒருவர்தான். ஒரு பொய் சொன்னால்தான் என்ன, இன்று ஒரு நாள் மட்டும் இந்த மிஷின் மக முறைங்க என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று நினைத்தேன். நான்தான் நினைத்தேன். பின்னால் திருமூர்த்தி அண்ணா தொண்டையைச் செருமினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"அமலிம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. குனிந்து அவர் காதோரம் திரும்பச் சொன்னேன். "மிஷின் சரி பண்ணின அமலி."

அம்மாள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "அட ஏஞ்சாமி" என்றார். "குரலக் காட்டாம நிக்கறியே. உன்னயப் பதிஞ்சே வெக்கலையா நான்? ஊருக்கெல்லாம் பதியச் சொல்லிக் குடுத்துட்டு நீ பதியாமயே திரிஞ்சிருக்கறே பாரு." கன்னத்திலிருந்து ஒரு கையை எடுத்துக் கண்ணாடிப் பொத்தானை அழுத்தினார். வரிசை முழுக்கக் காத்திருந்தது.

"பேரு அமலி. முறை, மக."

நான் பூவைச் சரி செய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோவர்த்தனன் பக்கத்தில் நின்று விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். கணக்கு முடிந்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தங்கச்சிக்கு மக முறைன்னா எனக்கு மருமகளாகுதுங்க" என்றார். "உள்ள போய் எடம் புடிச்சு உக்காரு மருமகளே. மாமன் வர்ற வரைக்கும் பந்தில கை வெக்கப்படாது."

சரி மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.